அப்பா பார்த்த மூன்று ஓட்டல்கள்

அறைக்குள் நுழைவதற்கு முன் அப்பா செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். சட்டைப் பையில் இருந்த பேனாவையும் கண்ணாடிக் கூட்டையும் எடுத்து என் கையில் கொடுத்தார். பிறகு அந்த எழுபத்து மூன்று வயது மனிதர், நெற்றியில் பளிச்சென்ற திருமண்ணோடு, திருச்சி கண்டோன்மென்ட் பக்கம் இருக்கும் ஓர் ஓட்டலின் முதல் மாடி அறையில், முழங்காலைத் தரையில் ஊன்றித் தவழ ஆரம்பித்தார்.

அறையைக் காட்ட எங்களோடு வந்திருந்த ரிசப்ஷன் பெண் என்னைப் பார்த்தாள். நான் ஏசியைப் பார்த்தேன்.

"சார், ஏதாவது தொலைச்சுட்டீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"இல்லைம்மா. ரெண்டு வயசுக் குழந்தையோட கண்ணு இந்த உயரத்துலதான் இருக்கும். நாம நின்னுண்டு பார்த்தா, அவன் கண்ணுக்கு என்ன படறதுன்னு நமக்குத் தெரியாது."

இதைச் சொன்னபோது அப்பாவின் தலை கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதனால் குரல் குகைக்குள்ளிருந்து வருவது போல வந்தது. கட்டிலின் மறுபக்கம் வெளியே வந்தவர், கையில் எதையோ பிடித்திருந்தார். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சின்ன பேட்டரி. ஏதோ விளையாட்டுச் சாமானிலிருந்து உருண்டு போயிருக்க வேண்டும்.

"இதை ஒரு குழந்தை முழுங்கினா என்ன ஆகும் தெரியுமா?"

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. "தினமும் பெருக்குறாங்க சார்," என்றாள் மெதுவாக.

"பெருக்கறா. நின்னுண்டு பெருக்கறா," என்றார் அப்பா. கோபமே இல்லாமல், ஒரு வாத்தியார் விடைத்தாளில் குறித்துக்கொடுப்பது போலச் சொன்னார்.

அது நாங்கள் பார்த்த மூன்றாவது ஓட்டல். முதல் இரண்டையும் அவர் தள்ளுபடி செய்தாயிற்று. இந்த மூன்றாவதும் போய்விட்டால் நான் யாருக்கு என்ன பதில் சொல்வது என்று நினைத்துக்கொண்டு, அவருடைய பேனாவையும் கண்ணாடிக் கூட்டையும் பிடித்தபடி நின்றேன்.

மைதிலியின் போன்

மைதிலி என் தங்கை. எனக்கும் அவளுக்கும் ஆறு வயது வித்தியாசம். அம்மா போன மறு வருஷம், தன்னோடு வேலை பார்த்த ஜெரால்டைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போவதாக அப்பாவிடம் சொன்னாள். ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில், காலையில் கோயிலுக்குப் போகாமல் காபி குடிக்காத ஒரு மனிதரிடம் இதைச் சொல்வதற்கு அவள் மூன்று மாதம் ஒத்திகை பார்த்தாள். என்னோடுதான் பார்த்தாள். நான்தான் அப்பாவாக நடித்தேன். நான் நடித்த அப்பா கொஞ்சம் கத்திவிட்டுக் கடைசியில் சம்மதித்துவிடுவார்.

நிஜ அப்பா கத்தவில்லை. அதுதான் பெரிய கஷ்டமாகப் போயிற்று.

கல்யாணத்துக்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டு, "நான் இல்லைன்னு நெனைச்சுக்கச் சொல்லு," என்றார். அவ்வளவுதான். அந்த வாக்கியத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான். சேர்க்காமல் இருந்திருக்கலாம். நான் எழுதும் இந்தப் பத்திரிகைத் தொடரில் என்னைப் பற்றி நல்லதாகவே எழுதி வருகிறேன் என்று ஒரு வாசகி குறைப்பட்டிருந்தார். இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

அதற்குப் பிறகு ஏழு வருஷம். மைதிலியும் ஜெரால்டும் சிங்கப்பூர் போனார்கள். நிலா பிறந்தாள். ஜோயல் பிறந்தான். அப்பா எதையும் கேட்கவில்லை. நான் போட்டோக்களைக் காட்டினால் பார்ப்பார். பார்த்துவிட்டு, "கண்ணாடியைத் துடைக்கணும்," என்று எழுந்து போய்விடுவார்.

இரண்டு மூன்று வருஷம் முன்பு, ஒரு நாள் மைதிலி போன் பண்ணினாள்.

"அக்கா, குழந்தைகளைக் கூட்டிண்டு திருச்சி வரோம். நல்ல ஓட்டலா ஒண்ணு பார்த்து வை."

"ஓட்டல் எதுக்குடி? கே.கே. நகர்ல நான் இருக்கேனே. ஏர்போர்ட்லேருந்து பத்து நிமிஷம்."

"உங்காத்துக்கு அப்பா வாரா வாரம் புதன்கிழமை வரார் இல்லையா? நாங்க இருந்தா வரமாட்டார். எங்களால அவருக்கு ஒரு புதன்கிழமை கூடப் போக வேண்டாம்."

அவள் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள்.

அப்பா கேட்ட முதல் கேள்வி

அப்பாவிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் சனிக்கிழமை ஸ்ரீரங்கத்துக்குப் போனபோது, அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து போனில் ஓட்டல் படங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா ஓட்டலிலும் ஒரே வெள்ளைப் படுக்கை விரிப்பு. ஒரே பழக்கூடை. ஒரே ஆரஞ்சுப் பழத்தை ஊர் முழுக்கக் கொண்டுபோய் வைத்துப் படம் எடுப்பார்கள் போல.

"யாருக்கு ஓட்டல்?" என்று அப்பா கேட்டார்.

எனக்குப் பொய் சொல்ல வராது. வந்தாலும் காது சிவந்துவிடும். "மைத்தி வரா. குழந்தைகளோட. ஒரு வாரம்," என்றேன்.

அப்பா காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அம்மா போன பிறகு தளிகை எல்லாம் அவரே செய்துகொள்கிறார். ஒரு புடலங்காயை முழுக்க நறுக்கி முடித்தார். பிறகு கத்தியை மடக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"எத்தனாவது மாடி?"

ஏழு வருஷத்தில் மைதிலி சம்பந்தமாக அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"இன்னும் பார்க்கலைப்பா."

"அந்தக் குழந்தைக்கு ரெண்டு வயசுதானே? போட்டோவைப் பார்த்தெல்லாம் ரூம் போடாதே. நான் வந்து பார்க்கறேன்."

அன்று ராத்திரி என் கணவரிடம் சொன்னேன். "உங்கப்பா போய்ப் பார்க்கறாரா?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓட்டல்காரங்க பாவம்," என்றார்.

மணல் வாளி, கடிகாரம், எழும்பூர்

என் கணவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அப்பா முப்பத்தைந்து வருஷம் ஒரு பெரிய தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக வேலை பார்த்தவர். ஹெல்மெட் போட்டாயா, பெல்ட் கட்டினாயா, அந்த வால்வை மூடினாயா என்று கேட்பதுதான் உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகும் கேள்விகள் ஓய்வு பெறவில்லை. கேட்பதற்கு ஆட்கள் குறைந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு மாடிப்படியில் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கும். தீபாவளிக்கு மற்ற வீடுகளில் பட்டாசு வாங்குவார்கள். நாங்கள் முதலில் மணல் வாளி வாங்குவோம்.

ஒரே ஒரு தடவை, நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது, குடும்பத்தோடு சென்னைக்குப் போனோம். எழும்பூரில் ஒரு லாட்ஜ். அப்போதெல்லாம் எங்களுக்கு ஓட்டல் என்றால் சாப்பிடும் இடம். தங்கும் இடத்துக்கு லாட்ஜ் என்றுதான் பெயர். மூன்றாவது மாடி அறை. பெட்டியை இறக்கியதும் மைதிலி பீச் எப்போது என்று கேட்டாள். அப்பா, "முதல்ல தீ விபத்துன்னா எப்படி வெளியே போறதுன்னு பார்க்கலாம்," என்றார்.

எங்கள் இருவரையும் படியில் மூன்று தடவை ஓடவிட்டார். கையில் கடிகாரம். மூன்றாவது தடவை அம்மாவையும் ஓடச் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் மூச்சிரைக்க வாசலுக்கு ஓடி வந்ததைப் பார்த்து, லாட்ஜ் மானேஜர் வாடகை தராமல் ஓடுகிறோம் என்று நினைத்துக் கதவை மறித்துக்கொண்டார். அப்பா மாடியிலிருந்து நிதானமாக இறங்கி வந்து, "ஒரு நிமிஷம் பத்து செகண்ட். இன்னும் குறைக்கலாம்," என்றார்.

அம்மா அதற்குப் பிறகு எந்த ஊருக்கும் அப்பாவோடு போய் லாட்ஜில் தங்கவில்லை.

இரண்டு தள்ளுபடிகள்

முதல் ஓட்டல் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம். அறை சுத்தமாக இருந்தது. பால்கனியில் நின்றால் மலைக்கோட்டை தெரிந்தது. எனக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அப்பா மலைக்கோட்டைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பால்கனிக் கம்பிகளைப் பார்த்தார்.

"கம்பி படுக்கையா இருக்கு. இது கம்பி இல்லை, ஏணி. ஏறச் சொல்லிக் குழந்தையைக் கூப்பிடறது."

மானேஜர், "நாங்க பால்கனிக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கிறோம் சார்," என்றார்.

"மலைக்கோட்டை தெரியறதுன்னுதானே ரூம் குடுக்கறேள்? பூட்டிண்டா என்ன தெரியும்?"

அப்பா அவருக்கு நன்றி சொல்லி, கம்பிகளை நெட்டுக்குத்தாக மாற்றினால் நல்லது என்று எடுத்துச் சொல்லி, கையைக் குலுக்கிவிட்டு வந்தார்.

இரண்டாவது, ஜங்ஷன் பக்கம் பெரிய ஓட்டல். வாசலில் சல்யூட் அடித்தார்கள். லிஃப்டில் பாட்டு போட்டிருந்தார்கள். பின்பக்கம் நீச்சல் குளம், நீலமாக, அழகாக இருந்தது. நிலாவுக்குத் தண்ணீர் என்றால் உயிர் என்று மைதிலி சொல்லியிருந்தாள். இதுதான் என்று முடிவே செய்துவிட்டேன்.

"குளத்துக்குக் கதவு உண்டா?" என்றார் அப்பா.

கூட வந்த இளைஞர், கழுத்தில் டை கட்டியவர், "லைஃப் கார்டு இருக்கார் சார்," என்றார்.

"எத்தனை மணி வரைக்கும்?"

"சாயந்திரம் ஆறு வரைக்கும்."

"ஆறு மணி ஆயிடுத்துன்னு ரெண்டு வயசுக் குழந்தைக்கு யார் சொல்லுவா?"

அந்த இளைஞர் டையைத் தளர்த்திக்கொண்டார்.

ஆட்டோவில்

வெளியே வந்து ஆட்டோவில் ஏறினோம். எனக்குக் கோபம் வந்தது. அவர் வேண்டுமென்றே செய்கிறார் என்று தோன்றியது. ஒவ்வொன்றாக வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போனால், கடைசியில் மைதிலி டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிவிடுவாள். இவர் கையில் ஒரு பாவமும் ஒட்டாது.

"அப்பா, உங்களுக்கு அவ வரக் கூடாது. அதானே? நேரா சொல்லிடுங்கோ. ஓட்டல் மேல பழி போடாதீங்கோ."

அப்பா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு ரேடியோவை அணைத்தார். கேட்பதற்கா, மரியாதைக்கா என்று தெரியவில்லை.

"மைத்திக்கு ரெண்டரை வயசு," என்றார் அப்பா. "நம்மாத்து மாடிப்படியிலேருந்து விழுந்தா. நெத்தியில நாலு தையல். உனக்கு ஞாபகம் இருக்கோ இல்லையோ."

எனக்கு ஞாபகம் இருந்தது. ரத்தத்தைத் துடைத்த துண்டு கூட ஞாபகம் இருந்தது.

"அன்னிக்குக் காலையில நான் ஃபாக்டரியில நானூறு பேரை உட்கார வெச்சு, விபத்து ஏன் நடக்கறதுன்னு ஒரு மணி நேரம் பேசிண்டிருந்தேன். போன் வந்தது. மாடிப்படியைத்தான் நெனைச்சேன், வேற ஒண்ணும் நெனைக்கலை. படிக்கு ஒரு கதவு போடணும்னு ஆறு மாசமா சொல்லிண்டே இருந்தவன் நான். போடலை."

மடியில் இருந்த துணிப்பையை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"அவ எங்க தங்கினாலும் தங்கட்டும். விழுந்துடக் கூடாது. அவ்வளவுதான்."

ஆட்டோ சிக்னலில் நின்றது. எனக்கு அவர் கையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. அதனால் அவருடைய பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது ஓட்டல்

அப்படித்தான் அந்தக் கண்டோன்மென்ட் ஓட்டலுக்கு வந்து சேர்ந்தோம். பழைய கட்டடம். பால்கனி கிடையாது. ஜன்னலில் நெட்டுக்குத்தாக வலுவான கம்பி. குளம் இல்லை; அதற்குப் பதில் பின்னால் ஒரு வேப்பமரமும் ஓர் ஊஞ்சலும் இருந்தன.

பேட்டரியைக் கண்டுபிடித்த பிறகு அப்பா பாத்ரூமுக்குப் போனார். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, எத்தனை நேரத்தில் கை பொறுக்காத சூடு வருகிறது என்று பார்த்தார். தாழ்ப்பாளை உள்ளே போட்டுக்கொண்டு, வெளியிலிருந்து திறக்க முடியுமா என்று என்னை முயற்சி செய்யச் சொன்னார். முடிந்தது. அது நல்ல தாழ்ப்பாளாம்.

அரை மணி கழித்து வெளியே வந்து, ரிசப்ஷன் பெண்ணிடம் ஒரு தாளைக் கேட்டு வாங்கி எழுதிக் கொடுத்தார். நாலு விஷயம். கண்ணாடி மேஜையை எடுத்துவிட வேண்டும். பிளக் ஓட்டைகளை மூட வேண்டும். சுடுதண்ணீர்ச் சூட்டைக் குறைக்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் குனிந்து பெருக்க வேண்டும்.

அந்தப் பெண் தாளை இரண்டு தடவை படித்தாள். "பண்ணிடறோம் சார்," என்றாள். பிறகு, "எங்க வீட்லயும் ஒரு வயசுல ஒண்ணு இருக்கு. சாயந்திரம் போய்க் கட்டிலுக்கு அடியில பார்க்கறேன்," என்றாள்.

அப்பா ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

ரூம் போட்டாயிற்று. மைதிலிக்குப் போனில் சொன்னேன், யார் பார்த்தது, எப்படிப் பார்த்தது என்பதையும் சேர்த்து.

"தவழ்ந்தாரா?" என்றாள்.

"கட்டிலுக்கு அடியிலயும்."

"ஏர்போர்ட்டுக்கு வருவாரா?"

கேட்டுப் பார்த்திருந்தேன். நான் வரலை, நீ போய்க் கூட்டிண்டு வா என்று சொல்லிவிட்டார். அதையும் நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

பக்கத்து ரூம்

அவர்கள் வந்த அன்று காலையில் ஏர்போர்ட்டில் ஜோயல் என் தோளில் தூங்கிவிட்டான். நிலா வழி முழுக்கப் பேசினாள். ஜெரால்ட் முன் சீட்டில் உட்கார்ந்து, ஊர் மாறிவிட்டது, மாறவில்லை என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பாலக்கரை தாண்டும்போது மைதிலி, "அப்பா நன்னாத் தூங்கறாரா?" என்று கேட்டாள்.

ஓட்டலுக்குள் நுழைந்ததும் ரிசப்ஷன் பெண் எங்களைப் பார்த்து எழுந்து நின்றாள். சாவியைக் கொடுத்துவிட்டு என்னிடம், "சார் ஏழரைக்கே வந்துட்டாருங்க," என்றாள்.

"யார் சார்?"

"உங்க அப்பாதாங்க. இவங்க ரூமுக்குப் பக்கத்து ரூம். ரூம் பார்த்துட்டுப் போன அன்னைக்கே போன்ல சொல்லி எடுத்து வெச்சிருந்தாரு. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

எனக்குத் தெரியாது. மைதிலி என்னைப் பார்த்தாள். என் காது சிவக்கவில்லை என்பதை அவள் கவனித்திருக்க வேண்டும். படியேறிப் போய்விட்டாள். நாங்கள் பின்னால் ஓடினோம்.

பக்கத்து ரூம் கதவு திறந்திருந்தது. அப்பா கட்டில் விளிம்பில், சலவை வேட்டியோடு, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். மைதிலி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். இருவருக்கும் நடுவில் ஆறடி இருக்கும். யாரும் நகரவில்லை.

நிலா அம்மாவின் இடுப்பைத் தாண்டி எட்டிப் பார்த்தாள்.

"நீங்கதான் பக்கத்து ரூமா?"

"ஆமாம்," என்றார் அப்பா.

"உங்க ரூம்ல டிவி இருக்கா?"

"இருக்கு. எனக்குப் போடத் தெரியலை."

"நான் போடறேன்," என்று நிலா உள்ளே போனாள். என் தோளில் விழித்துக்கொண்ட ஜோயல், அக்கா போன இடத்துக்குப் போக வேண்டும் என்று நழுவி இறங்கி அவனும் போனான். குழந்தைகள் இரண்டும் உள்ளே போன பிறகு, மற்றவர்கள் வெளியே நிற்பதற்கு ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று.

"உள்ள வாங்கோ," என்றார் அப்பா, ஜெரால்டைப் பார்த்து. பிறகு மைதிலியைப் பார்த்தார். "மைத்தி, குழந்தைகளுக்குப் பசிக்குமே. கீழ இட்லி, பொங்கல்லாம் உண்டுன்னு சொன்னா. எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது."

அவருக்குத் தெரியாதுதான். அப்பா அதுவரை வெளியில் ஒரு வாய் தண்ணீர் கூடக் குடித்தவர் இல்லை. டூர் போனாலும் புளியோதரை மூட்டையோடு போகிறவர். அன்று கீழே டைனிங் ஹாலில் எங்களோடு உட்கார்ந்து, "உங்களுக்குத்தான் பழக்கம், நீங்களே சொல்லுங்கோ," என்று ஜெரால்டிடம் மெனு அட்டையை நீட்டினார். ஜெரால்ட் அட்டையை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். பொங்கல் சொன்னார். அப்பா சாப்பிட்டார். மிளகு ஜாஸ்தி என்றார். இன்னொரு தடவையும் வாங்கிக்கொண்டார்.

மைதிலி சாப்பிடவில்லை. அழுதுகொண்டே ஜோயலுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

கை கழுவப் போன இடத்தில் அப்பாவைப் பிடித்தேன். "இதுக்கு ஆத்துக்கே வரச் சொல்லியிருக்கலாமேப்பா. ஓட்டல்ல வந்து உட்கார்ந்திருக்கேளே."

அப்பா நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஆத்துக்கு வான்னு நான் கூப்பிட்டா, நான் அவளை மன்னிச்சுட்டேன்னு ஆயிடும். மன்னிக்க வேண்டியது அவளாச்சே. அதான் அவ இருக்கற இடத்துக்கு நான் வந்தேன். வேண்டாம்னா போகச் சொல்லட்டும்."

கார்

போகச் சொல்லவில்லை. மூன்று நாள் அந்த இரண்டு ரூம்களுக்கும் நடுவில் குழந்தைகள் ஓடிய ஓட்டத்தில், கதவுகளை மூடுவதையே விட்டுவிட்டார்கள். ஒரு தடவை நான் போனபோது அப்பா ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார், நிலா ஆட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் காலையில் ரிசப்ஷன் பெண் மைதிலியிடம், "ரூம் இன்னும் எத்தனை நாள் வேணுங்க?" என்று கேட்டாள். மைதிலி அப்பாவைப் பார்த்தாள்.

"மிச்ச நாளுக்கு நாங்க ஸ்ரீரங்கம் வரலாமாப்பா?"

அப்பா குனிந்து ஜோயலின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். அதில் வாத்துப் படம் போட்டிருந்தது.

கார் வந்தது. பெட்டிகளை ஏற்றினார்கள். ஜெரால்டை முன்னால் உட்காரச் சொல்லிவிட்டு, அப்பா பின்னால் இரண்டு குழந்தைகளுக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அந்தப் பக்கம் மைதிலி ஏறிக் கதவைச் சாத்தினாள். அப்போதுதான் ஐந்து பேரும் ஒரே சமயத்தில் என்னைக் கவனித்தார்கள்.

"உனக்கு இடம் இல்லையே," என்றார் அப்பா.

"நீங்க போங்கோ," என்றேன்.

போனார்கள். ஓட்டல் தேடிய நான் ஓட்டல் வாசலில் தனியாக நின்றேன். ரிசப்ஷன் பெண் வெளியே வந்து, ஸ்ரீரங்கம் பஸ் எந்த ஸ்டாப்பில் நிற்கும் என்று எனக்கு வழி சொன்னாள். நாற்பது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் இருக்கிறவளுக்கு. நானும் புதிதாக வந்தவள் போலக் கேட்டுக்கொண்டேன்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. காவேரிப் பாலம் வரும்வரை ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து சீட்டு அம்மா, "பையைக் குடுங்க, வெச்சுக்கறேன்," என்றார். ஆட்டோவில் அப்பாவின் பையை என் மடியில் வைத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. "ஏன் சிரிக்கிறீங்க?" என்று கேட்டார்.